பயிற்சியாளரை மாற்றலாமா? பொதுக்குழுவுக்கு முன் பேசித் தீர்ப்போம்

இடதுபுறத் தடுப்பு:

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் கால்பந்துக் கழகத்தின் பொதுக்குழு. நிகழ்ச்சி நிரலில் இரண்டாவதாக "அணியின் நிலை பற்றிய கலந்துரையாடல்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதன் பொருள் என்னவென்று டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பந்து உதைக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். நம் பயிற்சியாளர் அண்ணனை மாற்ற வேண்டும்.

இந்தச் சீசனில் பதினொரு ஆட்டம் ஆடியிருக்கிறோம். வென்றது ஒன்றே ஒன்று. அதுவும் எதிரணியின் வேன் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் நின்றுபோய், அவர்கள் ஒன்பது பேரோடு ஆடியதால் கிடைத்தது.

அண்ணன் யார் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கோப்பை வாங்கித் தந்தபோது அந்த அணியின் இடது தடுப்பில் நின்றவன் நான். என் திருமணத்தில் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றவர் அவர். அதனால்தான் இதை எழுத நான்கு நாள் ஆனது.

சென்ற வாரம் 4-1 என்று தோற்றோம். நான்கு கோல்களும் ஒரே அச்சில் வார்த்தவை. நம் தடுப்பாட்டக்காரர்கள் ஏறக்குறைய நடுக்கோடு வரை ஏறி நிற்கிறார்கள். தலைக்கு மேலே பந்து பறக்கிறது. எதிரணிப் பையன் ஓடுகிறான். நம் ஆட்கள் ஓடாமல், ஆஃப்சைடு (பந்து உதைக்கப்படும்போதே நம் தடுப்பைத் தாண்டி நிற்கும் தவறு) என்று கையைத் தூக்கிக்கொண்டு கோட்டோரக் கொடியைப் பார்க்கிறார்கள். கொடி உயரவில்லை. நான்காவது கோலுக்குப் பிறகும் அண்ணன் கோட்டருகே நின்று "மேலே ஏறு, மேலே ஏறு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

---

சில்வர்கிளென் வாசி:

நன்றி கெட்ட பேச்சு. அந்த மனிதர் இல்லையென்றால் உனக்குக் கழகமும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆடுகிறவர்கள் ஒழுங்காக ஆடினால் பயிற்சியாளர் எதற்குத் தோற்கிறார்? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

---

நாகர்கோவில் எஞ்சினியர்:

நான் டர்பனுக்கு வேலைக்கு வந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகின்றன. உங்கள் அண்ணனின் பொற்காலத்தைப் பார்த்தவன் அல்ல. அதனால் வெளியாள் கண்ணால் ஒன்று சொல்கிறேன்.

நெதர்லாந்தின் முதல்தர லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த ஆட்டங்களை எடுத்துக்கொண்டு பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் இதே கேள்வியை ஆராய்ந்தார். தோல்விமேல் தோல்வி கண்டு பயிற்சியாளரை மாற்றிய அணிகள், மாற்றிய பிறகு எழுந்துகொண்டன. சரிதானே என்கிறீர்களா? அதே அளவுக்குச் சரிந்தும் மாற்றாமல் பொறுத்திருந்த அணிகளும் அதே போலத்தான் எழுந்துகொண்டன. குளித்தாலும் குளிக்காவிட்டாலும் சளி ஒரு வாரத்தில் போகும் என்பது போல. குளித்தவன் மட்டும் குளியலால்தான் போயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

லெஸ்டர் சிட்டியைப் பாருங்கள். 2016இல் பயிற்சியாளர் ரனியேரி வாங்கித் தந்த இங்கிலீஷ் லீக் பட்டத்துக்கு, சீசன் தொடக்கத்தில் பந்தய நிறுவனங்கள் கொடுத்த விலை ஒன்றுக்கு ஐயாயிரம். ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில் அவரை அனுப்பிவிட்டார்கள். அணி அப்போது 17ஆம் இடத்தில் இருந்தது. உதவியாளராக இருந்த ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார், 12ஆம் இடத்தில் முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

---

இடதுபுறத் தடுப்பு:

எஞ்சினியர் சார், லெஸ்டர் அந்த ஆண்டு கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தது. எங்களுக்கு அது போதும். நாங்கள் இறங்கினால் அடுத்த ஆண்டு ஆள் சேர்க்கவே முடியாது.

---

பச்சைச் சட்டை:

லெஸ்டர் வரை எதற்குப் போக வேண்டும்? நம் ஊர் அமாஸூலு அணி இருக்கிறதே.

பெனி மெக்கார்த்தி 2020 டிசம்பரில் பயிற்சியாளராக வந்தார். கீழே தவித்துக்கொண்டிருந்த அணியை அதே சீசனில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோனார். பிஎஸ்எல் என்ற தென்னாப்பிரிக்க முதல்தர லீக் தொடங்கிய பின் அந்தக் கழகம் கண்டிராத உயரம் அது. முதன்முறையாக ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் நுழைந்து, ஐந்து முறை அந்தக் கோப்பையை வென்ற டிபி மஸெம்பேயை வெளியேற்றினார்கள். அன்று நான் தெருவில் ஆடியதை என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

அடுத்த சீசனில் வெற்றிகள் குறைந்து சமன்கள் பெருகின. 2022 மார்ச்சில் பெனியை அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ட்ரூட்டர், ஃபோல்ஸ், அயாண்டா த்லாமினி, பிறகு ஒரு ஸ்பானியர். ஒன்றரை ஆண்டுக்குள் நான்கு முகங்கள்! இடையில் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனார்கள், மறுக்கவில்லை. மோசஸ் மபீடா மைதானத்தில் ஆர்லாண்டோ பைரேட்ஸ் அணியிடம் 1-0 என்று தோற்றதை நேரில் பார்த்தேன். ஆனால் இரண்டாம் இடம் என்ற கனவு பெனியோடு போயிற்று. அவர் 2022 முதல் 2024 வரை மான்செஸ்டர் யுனைடெட்டில் முன்னணி வீரர்களுக்குப் பயிற்சி தந்தார். வேண்டாம் என்று நாம் அனுப்பிய ஆளை யார் எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள்.

---

மூன்று பிள்ளைகளின் தாய்:

என் மூத்தவன் இந்த அணியில் ஆடுகிறான். எனக்கு ஆஃப்சைடும் தெரியாது, நெதர்லாந்தும் தெரியாது. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். அண்ணன் போய்விட்டால் அவருடைய பக்கியும் (பின்புறம் திறந்த சிறு சுமைவண்டி) போய்விடும். வெல்பெடாக்டிலிருந்து ஆறு பையன்களை அந்த வண்டியின் பின்னால் ஏற்றிவந்து, ஆட்டம் முடிந்து இருட்டுவதற்குள் வீட்டு வாசலில் இறக்குவது யார்? டாக்சிக்குப் போக வர ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று பொதுக்குழுவில் யாராவது கணக்குப் போட்டீர்களா?

இன்னொன்று. 2018 ஏப்ரலில் மோசஸ் மபீடா மைதானத்தில் கைசர் சீஃப்ஸ் அணி ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸிடம் அரையிறுதியில் தோற்ற அன்று நாங்கள் குடும்பத்தோடு அங்கே இருந்தோம். பயிற்சியாளர் கொம்பேலாவைத் துரத்த வேண்டும் என்று கிளம்பிய கூட்டம் நாற்காலிகளைப் பிடுங்கி வீசியது. காவலர் ஒருவரைக் கீழே தள்ளி அடித்தார்கள். என் சின்னவன் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கொம்பேலா அன்றே பதவி விலகினார். மூன்று சீசன் ஒரு கோப்பையும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் போன பிறகு சீஃப்ஸ் உடனே கோப்பை வாங்கிவிட்டதா? 2025 வரை, ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

---

சில்வர்கிளென் வாசி:

அம்மா சொன்னதுதான் பேச்சு. சீஃப்ஸ் 2021இல் பழைய பயிற்சியாளர் பாக்ஸ்டரையே திரும்பக் கூட்டிவந்தது. 2013, 2015 என்று இரண்டு லீக் பட்டம் வாங்கித் தந்தவர். பழைய குருடி கதவைத் திறடி என்று வந்தார். அந்த முதல் சீசன் முடியும் முன்பே அவரையும் அனுப்பினார்கள். குறை பயிற்சியாளரிடம் இல்லை.

---

இடதுபுறத் தடுப்பு:

அண்ணே, நீங்களே என் கட்சிக்கு வாதாடுகிறீர்கள். ஒருகாலத்தில் வென்ற மனிதர் இன்னொரு காலத்தில் வெல்வார் என்பதற்கு உறுதி இல்லை என்றுதானே பாக்ஸ்டர் கதை சொல்கிறது?

பக்கி விஷயம் நியாயம். அதை நான் யோசிக்கவில்லை.

---

கணக்குப்பிள்ளை:

ஆட்டக் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. நேற்று மின்வெட்டு, வேறு வேலை இல்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து எண்ணினேன்.

இந்தச் சீசனில் வாங்கிய கோல்கள் 31. இவற்றில் 19 தடுப்புக்குப் பின்னால் போட்ட பந்துகளால் வந்தவை. கார்னரில் வாங்கியது ஐந்து. மற்றவை பலவகை, ஒன்று நம் கோலியே தன் வலைக்குள் எறிந்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பழைய ஏட்டையும் எடுத்தேன். இரண்டாவது கோப்பை வாங்கிய ஆண்டு முழுவதும் வாங்கிய கோல்கள் 14. அதில் தடுப்புக்குப் பின்னால் போட்ட பந்துகளால் வந்தவை இரண்டே இரண்டு. அதே முறை, அதே மைதானம், அதே பயிற்சியாளர். நடுத்தடுப்பில் நிற்பவர்கூட அதே ஆள்தான். அன்று 27 வயது, இன்று 38.

ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்த ஆண்டு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரணி எத்தனை முறை ஆஃப்சைடில் சிக்கியது என்று யாரோ பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு ஒன்பது, பதினொன்று என்று போகிறது. இந்த ஆண்டு ஒன்று, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம். கால் தளர்ந்ததால் கோல் விழும், சரி. கொடி ஏன் உயரவில்லை?

---

பழைய கோலி:

கணக்குப்பிள்ளைத் தம்பி எழுதியதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கொடி ஏன் உயரவில்லை என்று நான் சொல்கிறேன். கொடியைப் பிடிப்பது யார்?

அந்தக் காலத்தில் லீக் மூன்று நடுவர்களை அனுப்பும். ஒருவர் விசிலோடு, இருவர் கொடியோடு. மூவரும் வெளியாட்கள். இப்போது காசு இல்லை, ஆளும் இல்லை. ஒரே நடுவர் வருகிறார். கொடிகளை ஆளுக்கொரு பக்கம் இரண்டு கழகங்களும் பிடிக்க வேண்டும். சென்ற வாரம் நம் தடுப்புப் பக்கம் கொடி பிடித்தது எதிரணியின் மாற்று ஆட்டக்காரன். கால்சட்டைக்கு மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கொடி, மறு கையில் பன்னி சோ (ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய நம் ஊர்த் தின்பண்டம்). தன் அணிப் பையன் கோலை நோக்கி ஓடும்போது அவன் கொடியைத் தூக்குவான் என்று நினைக்கிறீர்களா? தூக்கினால் வீட்டுக்கு எப்படிப் போவான்?

அண்ணனின் ஆட்டமே அந்தக் கொடியின்மேல் கட்டியது. நான்கு பேர் ஒரு கயிறு பிடித்தாற்போல ஒரே நேரத்தில் ஏறுவார்கள், எதிரணி சிக்கும். அதை அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த விதம் நினைவிருக்கிறது. உண்மையிலேயே துணி உலர்த்தும் கயிற்றை நான்கு பேர் இடுப்பிலும் கட்டிவிட்டு ஓடச் சொன்னார். ஒருவன் பின்தங்கினால் நால்வரும் விழுவோம். இடதுபுறத் தடுப்பே, உன் முழங்கையில் இருக்கும் தழும்பு அதில் வந்ததுதானே?

சிறுவனாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து கரீஸ் ஃபவுண்டனில் ஆட்டம் பார்த்தவன் நான். இன ஒதுக்கல் காலத்தில் நமக்கென்று இருந்த மைதானம் அது. கொடி பிடித்தவர் தவறினால் அன்று கூட்டமே சும்மா விடாது. மேனிங் ரேஞ்சர்ஸ் 1997இல் பிஎஸ்எல்லின் முதல் பட்டத்தை வென்றபோது இந்தப் பகுதியே தலைகீழாக நின்றது. சோவெட்டோவின் பெரிய கழகங்களைத் தாண்டி நம் பக்கத்து அணி! பயிற்சியாளர் கோர்டன் இகேசுண்ட். அவர் அங்கேயே வேர்விட்டு உட்காரவில்லை. பைரேட்ஸுக்குப் போய் 2001இல் வென்றார், அடுத்த ஆண்டே சாண்டோஸில் வென்றார், பிறகு சன்டவுன்ஸிலும். ஒவ்வோர் இடத்திலும் கையில் கிடைத்த ஆட்களுக்கு ஏற்ற ஆட்டம். மேனிங் ரேஞ்சர்ஸ்தான் பின்னால் விற்கப்பட்டுப் பெயரும் மாறிப்போயிற்று.

---

பச்சைச் சட்டை:

ஐயா, அப்படியானால் மாற்ற வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?

---

பழைய கோலி:

ஆட்டத்தை மாற்ற வேண்டும் என்கிறேன். அவர் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றால் அவரையும். ஆனால் இந்தக் கொடி விஷயத்தை அவரிடம் யாராவது போய்ச் சொன்னீர்களா?

---

நாகர்கோவில் எஞ்சினியர்:

கொடி பற்றிய செய்தி எனக்குப் புதிது. நான் மேற்கோள் காட்டிய ஆய்வில் இப்படி ஒரு காரணம் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் பொறுத்தவர்கள் பக்கமும் இரண்டு சாட்சி சொல்ல விடுங்கள். கேவின் ஹன்ட் 2017இல் விட்ஸ் அணிக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தார். அடுத்த சீசனில் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. கழகம் அவரை விடவில்லை. அந்த டிசம்பரிலேயே இங்கே க்வாமஷுவில் நடந்த இறுதி ஆட்டத்தில் டெல்கம் நாக்அவுட் கோப்பையை வென்றார்கள். கீழ்ப்பிரிவுக்கும் இறங்கவில்லை. ஜெர்மனியில் க்ளோப் 2011, 2012 என்று டார்ட்முண்டுக்கு இரண்டு பட்டம் கொடுத்தவர். 2014 இறுதியில் அணி 17ஆம் இடம். கழகம் பொறுத்தது. அவர் ஏழாம் இடம் வரை ஏற்றிவிட்டு, தாமே விடைபெற்றுப் போனார். துரத்தப்பட்டவராகப் போகவில்லை.

---

சில்வர்கிளென் வாசி:

அப்படிச் சொல்லுங்கள்!

---

இடதுபுறத் தடுப்பு:

பழைய கோலி அண்ணே, தழும்பு அதில் வந்ததுதான். இதை எழுதும்போது தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஹன்ட்டுக்கும் க்ளோப்புக்கும் சம்பளம் வாங்கும் இருபத்தைந்து பேர் தினமும் பயிற்சிக்கு வருவார்கள், சார். இங்கே குளிர்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. விளக்கு இருந்தால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இருந்தால் இரவுப் பணிக்குப் போனவன் வருவதில்லை. போன வியாழக்கிழமை பயிற்சிக்கு வந்தது ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரை வைத்துக்கொண்டு அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? தடுப்பு ஏறும் பயிற்சி. இல்லாத எதிரணிக்கு எதிராக, இல்லாத கொடியை நம்பி, காரின் முன்விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம்.

பயிற்சியாளர் உரிமம் வாங்கிவந்த தம்பி ஒருவன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தடுப்பைப் பத்து கெஜம் இறக்கி, நடுக்களத்தில் ஓர் ஆளைக் கூட்டினால் போதும் என்கிறான். எனக்கும் சரியாகத்தான் படுகிறது. "அண்ணனிடம் சொல்லேன்" என்றேன். "நான் எப்படிச் சொல்வது, அவர்தான் எனக்கு ஷூ கட்டக் கற்றுக்கொடுத்தார்" என்றான். நம் கழகத்தின் வியாதி இதுதான். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் பொதுக்குழுவில் கை தூக்கலாம் என்று காத்திருக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

---

மூன்று பிள்ளைகளின் தாய்:

அப்படியானால் அந்தத் தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்.

---

பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் முறை. நீங்கள் அண்ணன் என்று சொல்பவர் என் தாத்தா. அவருக்குத் தமிழ் பேச வரும், பாட வரும், எழுத்துப் படிக்க வராது. நான் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் முதலிலிருந்து எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். வாசிக்கலாமா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டேன், வாசி என்றார்.

மெழுகுவத்தி வந்த இடத்தில் சிரித்தார். கயிறு வந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு சொல்லச் சொன்னதை எழுதுகிறேன்.

கொடி விஷயம் அவருக்குத் தெரியுமாம். வெளியாட்களைக் கொடிக்கு அனுப்புங்கள் என்று லீக்குக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறார்; நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். பதில் வரவில்லை. பதில் வந்துவிடும் என்று நினைத்துத்தான் ஆட்டத்தை மாற்றவில்லையாம்.

பென்சில் குறிப்பு பாட்டி எழுதியது.

நான்காவது கோலுக்குக் கொடி காரணமில்லை. வலதுபுறத்தில் நின்ற பையன் ஏறவே இல்லை, அதனால் எதிரணி ஆள் ஆஃப்சைடிலேயே இல்லை என்று மூன்று முறை சொன்னார். கட்டாயம் எழுது என்றார்.

உரிமம் வாங்கிய மாமா வியாழக்கிழமை ஓரத்தில் நிற்காமல் உள்ளே வரட்டும் என்றார். தாமாக விலக மாட்டாராம். "கை தூக்குகிறவர்கள் கடைசி வரிசையில் உட்காராமல் முன்னால் வந்து தூக்கட்டும்" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

---

கணக்குப்பிள்ளை:

நான்காவது கோலை அலைபேசிப் படத்தில் மறுபடி பார்த்தேன். அவர் சொல்வது சரி. வலது தடுப்பு இரண்டடி பின்னால் நிற்கிறான். ஏட்டில் திருத்திவிட்டேன்.

---

சில்வர்கிளென் வாசி:

அறுபத்தொரு வயதில் அந்தக் கண்ணைப் பாருங்கள். இவரையா மாற்றச் சொல்கிறீர்கள்?

---

இடதுபுறத் தடுப்பு:

பேத்தியம்மா, தாத்தாவிடம் இதையும் வாசித்துக் காட்டு.

அண்ணே, நான் முன்வரிசையில் உட்காருகிறேன். தடுப்பை இறக்க நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் என் கை உயரும். ஒப்புக்கொண்டாலும், அணியைத் தேர்வு செய்வதைத் தம்பியிடம் விட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருவேன். நீங்கள் அதை விரும்பமாட்டீர்கள் என்று தெரியும். லீக்குக்குப் போட்ட கடிதங்களின் நகல் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். மூன்றாவது கடிதத்தைக் கழகத்தின் பெயரில் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

வியாழக்கிழமை நான் ஐந்து மணிக்கே வந்துவிடுவேன். வெல்பெடாக்ட் பையன்களில் மூவரை என் காரில் ஏற்றிவருகிறேன், மற்ற மூவர் உங்கள் பக்கியில். கயிறு மட்டும் வேண்டாம், அண்ணே. எனக்கு 41 வயது.

---

மூன்று பிள்ளைகளின் தாய்:

என் மகனைப் பக்கியிலேயே ஏற்றச் சொல்லுங்கள். காரில் வந்தால் அவனுக்குத் தலை சுற்றும்.

---

கணக்குப்பிள்ளை:

யாராவது சுண்ணாம்பு வாங்கிவிட்டீர்களா? திங்கட்கிழமை மழையில் பெனால்டி எல்லைக்கோடு முழுவதும் கரைந்துவிட்டது. இரண்டு மூட்டை வேண்டும்.